பாவன்னா, இல்லன்னா

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. வாத்தியார் வேலைக்கு ஆசைப்பட்டதும் இல்லை. கேமரன் மலையில், தானா ராத்தாவில் ஒரு புத்தகக் கடையில் காலம் பூரா நின்று, கால் வீங்கி, போதும் சாமி என்று வீட்டுக்குப் போனவள் நான். ஆனாலும் நேற்று உங்களில் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, புள்ளைக்கு வீட்டுலயே வாசிக்கச் சொல்லிக்குடுக்க எது நல்லதுன்னு கேட்டுக்கிட்டு வர்றாங்க. பத்துத் தினுசு வச்சிருக்கோம். எதைக் காட்டுறது?" என்றாள். எனக்கு வாயடைத்துப் போனது. நானாவது, வாயடைத்துப் போவதாவது! வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்கிறேன், உட்காருங்கள்.

எழுபதுகளின் கடைசி அது. வாசிக்கப் பழக்கும் சரக்கு எங்கள் கடையில் மூன்றே தினுசுதான். கீழ்த்தட்டில் தமிழ் அரிச்சுவடி, மலை ஈரத்தில் ஓரம் சுருண்டு கிடக்கும். நடுத்தட்டில் மலாய்ப் புத்தகம். பா, பி, பூ என்று எழுத்துகளை இரண்டிரண்டாகக் கூட்டி வாசிக்கச் சொல்லும். மேல்தட்டில் ஒரு பெரிய பெட்டி, இங்கிலீஷ். போனிக்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே வண்ண அட்டைகளும் கேசட்டும் இருக்கும். கேசட்டை ஓடவிட்டால் ஒரு வெள்ளைக்காரம்மா ஒவ்வோர் எழுத்தின் ஓசையையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லுவாள்.

எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிகள் வீடுகளில் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் மதிப்பில்லை என்றாகியிருந்தது. ஒரு கிராணி ஐயா தன் மகனைக் கடைக்கே கூட்டிவந்து, "பேசுடா, அக்கா கேக்கட்டும்" என்றார். அவன் நிமிர்ந்து நின்று, அட்சரம் பிசகாமல், அந்த வெள்ளைக்காரம்மா குரலிலேயே இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னான். கேசட்டை இப்போது திருப்பிப் போடவும் என்று அதற்கு அர்த்தம். அவனுக்கு அது மட்டும்தான் வந்தது. நான் அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கடை முதலாளியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பதை ஒட்டிய வயது, கோயிலுக்குத் தவறாத கிறிஸ்தவப் பெண். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். குளிருக்குக் கம்பளி பின்னிக்கொண்டேதான் வியாபாரம் பார்ப்பார். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். நான் கெடுத்த காரியத்தை அந்த ஒரு வார்த்தை சரிசெய்துவிடும். எங்கள் கூட்டு வியாபாரம் அப்படித்தான் ஓடியது.

அந்த ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிறு மத்தியானம், கடை முழுக்கக் கூட்டம். தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பெயர் பாக்கியம். மகள் ஒன்றாம் வகுப்பு, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில். பாக்கியம் வேறெதையும் பார்க்கவில்லை. மேல்தட்டுப் பெட்டியை நேராகக் கை காட்டி, அதை எடுங்கள் என்றாள்.

யாருக்கு என்று கேட்டேன். அவள் மகளைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவளுக்குத்தான்க்கா. ஒரு எழுத்தும் வாசிக்க வரல. கிளாஸ்ல பின்னால ஊமை மாதிரி உட்காந்திருக்காளாம். ஈப்போவுல இவ அத்தைக்குக் கைப்புள்ள. பார்த்துக்க ஆளு வேணும்னு தீபாவளிக்கு வர்றாங்க. அதுக்குள்ள வாசிக்கலன்னா கூட அனுப்பிருவேன்னு இவ அப்பா சொல்லிட்டாரு."

அவள் கணவர் கெட்ட மனிதரில்லை. கொழுந்து லோரி ஓட்டுபவர், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். படிப்பு வராத பிள்ளை தினம் போய்த் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைவிட, சொந்தக்காரர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் காலத்தில் அப்படிப் போன பெண் பிள்ளைகள் உண்டு. ஒரு கைப்பிள்ளை வளர்ந்தால் அடுத்தது வரும். போனவள் பள்ளிக்குத் திரும்புவதில்லை. பாக்கியத்துக்கு அது தெரியும். அதனால்தான் கடையிலேயே பெரிய பெட்டியாகப் பார்த்துக் கை காட்டினாள்.

எனக்கு அவள் மேல் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தால் என் வாய் சும்மா இருக்காது. "அது உங்களுக்குச் சரிப்படாதும்மா, வேணாம்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். இங்கிலீஷ் கேசட்டை வைத்துக்கொண்டு தமிழ்ப் பள்ளிப் பிள்ளை என்ன செய்யும் என்பது என் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் சொன்ன தொனி இருக்கிறதே, அது வேறு.

பாக்கியத்தின் முகம் மாறிவிட்டது. "கிராணி வீட்டுக்குன்னா எடுத்துக் குடுக்குறீங்க. கொழுந்து எடுக்குறவ கேட்டா வேணாமா?" என்றாள்.

கூட்டம் அப்படியே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் இன்னும் கெட்டிருக்கும். அவள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியிருப்பாள், அந்தப் பிள்ளை தீபாவளிக்கு ஈப்போ போயிருக்கும்.

முதலாளியம்மா பின்னுவதை நிறுத்தினார். எழுந்து, ஸ்டூலைப் போட்டு, அந்தப் பெட்டியைத் தானே இறக்கினார். பாக்கியத்துக்கு முன்னால் வைத்து, "பிரிச்சே பார்த்திரலாம்" என்றார். கடையிலிருந்த ரேடியோவில் கேசட்டைப் போட்டார். வாங்கப்போகிறவளுக்கு முன்னால் புதுப் பெட்டியைப் பிரிப்பது எங்கள் கடையில் அதுவரை நடக்காத காரியம். கிராணி வீட்டு அம்மாள் ஒருத்தியும் அங்கே நின்றிருந்தாள், அவளுக்கும் ஆச்சரியம். பாக்கியத்தின் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. வியாபாரத்தில் இது முக்கியம் பிள்ளைகளே: ஒருவரிடம் ஒன்றை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், அதைக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது என்பதைக் காட்டிவிட வேண்டும்.

கேசட் ஓட, முதலாளியம்மா பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டார். எங்கள் மேசையில் பென்சில் போட்டு வைக்கும் பழைய பால் டின் ஒன்று உண்டு. அதில் தமிழிலும் பால் என்று அச்சடித்திருக்கும். அதைத் திருப்பிக் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டார்.

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே, மெதுவாக, "பாவன்னா, இல்லன்னா" என்றது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பாவன்னா, இல்லன்னா? இல்லன்னா வேற என்னடி?" என்று கேட்டேன். பாவன்னாவா வேறு எழுத்தா என்று பிள்ளை சந்தேகப்படுகிறது என்று நினைத்துவிட்டேன். பிள்ளை மிரண்டுபோய் அம்மாவைப் பார்த்தது. பாக்கியம்தான் சொன்னாள்: "சரியாத்தான்க்கா சொல்றா. முதல் எழுத்து பாவன்னா. ரெண்டாவது எழுத்து இல்லன்னா."

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. பழைய வழக்கத்தில் எழுத்துக்கு ஒரு பெயர் உண்டு. அ என்பது ஆனா, ஆ என்பது ஆவன்னா, க என்பது கானா. பா பாவன்னா, ல் இல்லன்னா. பாக்கியத்துக்கு அவள் அப்பா அப்படித்தான் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். அவளும் மகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வேலை முடிந்து வந்து, அடுப்பில் சோறு வேகும் நேரமெல்லாம், ஒரு நாள் விடாமல். முதலாளியம்மா அரிச்சுவடியை எடுத்து எந்த எழுத்தைத் தொட்டாலும் அந்தப் பிள்ளை பெயரைச் சொன்னது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பள்ளியில் டீச்சர் ப, ட, ம என்று ஓசையைச் சொல்ல, வீட்டில் அம்மா பானா, டானா, இம்மன்னா என்று பெயரைச் சொல்ல, இரண்டுக்கும் நடுவில் பிள்ளை ஊமையாகிவிட்டிருந்தது. அம்மா என்று வாசிக்கச் சொன்னால் ஆனா, இம்மன்னா, மாவன்னா என்று வந்தால், அதைக் கூட்டி எப்படி அம்மா ஆக்குவது? நீங்கள் ஆக்கிக் காட்டுங்கள் பார்ப்போம்.

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் மறுபடியும் வாய் துறுதுறுத்தது. "நீங்க சொல்லிக்குடுத்ததுதான் தப்பு" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முதலாளியம்மா ஒரு பார்வை பார்த்தார். விழுங்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பிள்ளையே பேசியது. அதுவரை அது ரேடியோவையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரம்மா ஏதோ ஓர் எழுத்தை ப், ப், ப் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை அம்மாவின் சேலையை இழுத்து, "அம்மா, இந்தப் பொம்பளைக்கு எழுத்துப் பேரே தெரியல" என்றது.

முதலாளியம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. பிறகு பாக்கியத்திடம், பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார்.

"பொறந்த சூராவுல விஜயலெட்சுமி" என்றாள் பாக்கியம். பிறந்த பத்திரத்தை எங்கள் ஊரில் சூரா என்போம்.

"வீட்டுல?"

"லெச்சி."

"தேயிலைக்குள்ள பாம்பு வருது. புள்ள அங்க நிக்கிறா. விஜயலெட்சுமின்னு முழுசாக் கூப்பிடுவீங்களா?"

"கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள கொத்திட்டுப் போயிரும். லெச்சீன்னு கத்துவேன்."

"எழுத்துக்கும் அப்படித்தாம்மா. சூராவுல பாவன்னா, இல்லன்னா. ஒண்ணாச் சேர்ந்து ஓடுறப்ப அவ்வளவு பெரிய பேருக்கு நேரம் கிடையாது. பா. ல். அவ்வளவுதான்."

பாக்கியம் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "அப்ப இத்தனை நாளு நான் சொல்லிக்குடுத்ததாலதான் இவளுக்கு வரலையா?"

பிள்ளைகளே, இந்த இடம்தான். நமக்குப் பதில் தெரியும், உண்மையும் அதுதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தத் தாய் வீட்டுக்குப் போய் இனிமேல் மகள் பக்கத்தில் புத்தகத்தோடு உட்காரவே மாட்டாள். இல்லை என்று சொன்னால் அது பொய். பழையபடி இல்லன்னா, இம்மன்னா என்றே தொடர்ந்துவிடுவாள். நானாக இருந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லிக் கெடுத்திருப்பேன்.

முதலாளியம்மா சொன்னார்: "அத்தனை எழுத்துக்கும் பேரு தெரிஞ்சு வச்சிருக்கா உங்க மக. பேரு தெரியாத ஆள யாராச்சும் கூப்பிட முடியுமா? பாதி வேலைய நீங்க முடிச்சிட்டீங்க. இனிமே செல்லப் பேரு சொல்லிக் கூப்பிடப் பழக்குங்க."

பாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்? லெச்சி டின்னைத் தன் பக்கம் திருப்பி, உதட்டுக்குள்ளேயே எதையோ மென்றது. பா, என்றது. ல், என்றது. அப்புறம் வேகமாக, "பால்!" என்றது. சொல்லிவிட்டு, டின்னுக்குள் பால் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது. உள்ளே எங்கள் பென்சில்தான் இருந்தது.

பெட்டியை வேண்டாம் என்று பாக்கியமே சொன்னாள். கீழ்த்தட்டு அரிச்சுவடி ஒன்றை எடுத்துக்கொண்டாள். வீட்டில் இருக்கும் டின், சவர்க்காரம், காலண்டர் எல்லாவற்றிலும் வாசிக்க விடுங்கள் என்று முதலாளியம்மா சொல்லி அனுப்பினார். பிரித்த பெட்டியை யார் தலையில் கட்டுவது என்று நான் முணுமுணுத்தேன். அதை நீ வைத்துக்கொள், நிதானமாகப் பேசுவது எப்படி என்று அந்த வெள்ளைக்காரம்மாவிடம் கற்றுக்கொள்ளலாம் என்றார். சொல்லிவிட்டுக் கம்பளியை எடுத்துக்கொண்டார்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். எங்கே முடிந்தது? தீபாவளி நெருங்கும் நேரம், நல்ல மழையில் பாக்கியம் தனியாக வந்தாள். முகமே சரியில்லை. லெச்சி இப்போது நன்றாக வாசிக்கிறாளாம். ஆனால் அப்பா எதிரில் உட்கார்ந்து "எங்க, வாசி" என்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். வகுப்பில் பின்னால் உட்கார்ந்த அதே பயம். இவள் சும்மா மகளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அத்தையையும் வரச் சொல்லிவிட்டாராம்.

நான் கொதித்துப்போனேன். அந்த மனிதரைக் கடைக்கு வரச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். முதலாளியம்மா என் பக்கமே திரும்பவில்லை. லெச்சியின் அப்பாவுக்கு எதில் பிரியம் என்று பாக்கியத்தைக் கேட்டார். பாக்கியம் யோசித்துவிட்டு, முடிவெட்டும் கடையில் யாராவது பேப்பரைச் சத்தமாக வாசித்தால் நகர மாட்டார், கோர்ட்டுக் கேஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்றாள்.

"அப்ப பரீட்சை வைக்க வேணாம்னு சொல்லுங்க. அவருக்குத் தெரியாத ஒண்ண அவ சொல்லட்டும்" என்றார் முதலாளியம்மா.

இதில் மட்டும் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் பொட்டலம் கட்டக் குவித்து வைத்திருப்போம். அதில் தேடி, பெரிய எழுத்தில் ஒரு வழக்கு வந்திருந்த முதல் பக்கத்தை எடுத்தேன். காய்கறி ஏற்றிய லோரி ஒன்று மலைச்சாலையில் சரக்கோடு காணாமல் போய், ஓட்டுநர் மேல் பழி விழுந்த வழக்கு. தேநீர் குடிக்க இறங்கினேன், திரும்பி வந்தால் லோரியைக் காணோம் என்று அவர் கோர்ட்டில் சொல்லியிருந்தார். லோரி ஓட்டுபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாக்கியம் வாங்கிய பென்சிலை அந்தத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். புள்ளையிடம் கொடுங்கள், அவரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, வேலை நாளில், கடை வாசலில் ஒரு கொழுந்து லோரி வந்து நின்றது. இஞ்சினை அணைக்காமலேயே ஒருவர் இறங்கி உள்ளே வந்தார். மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டியது. லெச்சியின் அப்பா தான்தான் என்று சொன்னார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன்.

அவர் கோட்டுக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தார். அதே முதல் பக்கம். அடி ஓரத்தில் விரலை வைத்தார்.

"இங்க தொடர்ச்சி ஆறாம் பக்கம்னு போட்டிருக்காம். புள்ள வாசிச்சா. அந்த டிரைவர உள்ள போட்டாங்களா விட்டாங்களான்னு வர்ற எடத்துல தாளு முடிஞ்சிருச்சு. ஆறாம் பக்கம் இருக்கா?"

ஐயோ, நான் அதைக் கவனிக்கவே இல்லை! குவியலைக் கலைத்துத் தேடினேன். ஆறாம் பக்கம் எப்போதோ யாருடைய மை பாட்டிலைச் சுற்றிக்கொண்டோ திரிங்காப் ஊர்ப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலாளியம்மாவைப் பார்த்தேன். கடைக்கு வரும் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர் அவர். தீர்ப்பு தெரியாமல் இருக்காது. அவரோ கம்பளியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஞாபகமில்லையே" என்றார்.

மனிதர் ஏமாந்து நின்றார். பிறகு, இன்றைய பேப்பர் ஒன்று கொடுங்கள், அதிலாவது ஏதும் போட்டிருப்பான் என்றார். கொடுத்தேன். நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு படி வரை போனார். என்னால் அடக்க முடியவில்லை. "லெச்சி ஈப்போ போறதாச் சொன்னாங்களே?" என்று கேட்டே விட்டேன்.

அவர் திரும்பினார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், கேட்கக் கூடாததைக் கேட்டதைப் போல.

"ஈப்போ தங்கச்சிகிட்ட வேற ஆளு தேடிக்கச் சொல்லிட்டேன். இவ போயிட்டா எனக்கு யாரு வாசிக்கிறது?"

லோரி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போகும்வரை நான் வாசலிலேயே நின்றேன். என் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ புத்தகம் விற்றிருக்கிறேன். அன்றைக்குப் பட்ட சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து கொழுந்து எடுத்த கையோடு மகளை மடியில் வைத்துக்கொண்ட பாக்கியத்துக்கும், சொன்ன சொல்லை மகளுக்காக மாற்றிக்கொண்ட அந்த மனிதருக்கும், என்னைப் பக்கத்திலேயே நிற்க வைத்துச் சகித்துக்கொண்ட முதலாளியம்மாவுக்கும் நான் நன்றி சொல்லாத நாளில்லை.

உள்ளே வந்து, அந்த டிரைவருக்கு நிஜமாகவே என்ன ஆனது என்று முதலாளியம்மாவைக் கேட்டேன்.

"விட்டுட்டாங்க" என்றார்.

"அதை அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே, பாவம்."

"நான் ஏன் சொல்லணும்?" என்று கம்பளியைத் திருப்பிப் பிடித்தார். "அவருக்கு வாசிச்சுச் சொல்ல வீட்டுல ஆளு இருக்குல்ல."